மலிவுச் செயலியின் வேகத்தை நிர்ணயிப்பது எது? நினைவகமும் பாட்டையும் பற்றிய வாதங்கள்

1. வினாவும் அதன் பழைமையும்

ஒரே கடிகார வேகம் கொண்ட இரண்டு செயலிகள் ஒரே வேலையை ஏன் வெவ்வேறு நேரத்தில் முடிக்கின்றன, அவற்றுள் விலை குறைந்தது எவ்வளவு பின்தங்கும், அந்தப் பின்னடைவுக்குச் செயலி பொறுப்பா, அல்லது அதற்குத் தரவு கொண்டுவந்து கொடுக்கும் நினைவகமும் அத்தரவைச் சுமந்துவரும் வழியாகிய பாட்டையும் பொறுப்பா என்ற வினா, கணிப்பொறி வீடுகளுக்குள் புகுந்த நாள் முதலாகவே கேட்கப்பட்டு வருகிறது. அதன் வேரோ இன்னும் ஆழமானது. கட்டளைகளும் தரவும் ஒரே நினைவகத்தில் குடியிருக்கும் இயந்திரத்தை, 1945ஆம் ஆண்டில் எட்வாக் திட்டத்திற்காக எழுதிய வரைவறிக்கையில் ஜான் வான் நாய்மான் விவரித்தார். அந்த அமைப்பில் செயலிக்கும் நினைவகத்திற்கும் நடுவே உள்ள ஒற்றை வழி எல்லாப் போக்குவரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டின் டியூரிங் விருது உரையில் ஜான் பேக்கஸ் இதனை வான் நாய்மான் இடுக்கு என்று பெயரிட்டு, அது இயந்திரத்தின் ஓட்டத்தை மட்டுமின்றி நிரல் எழுதுவோரின் சிந்தனையையும் குறுக்குவதாகக் கண்டித்தார். 1995இல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ ஆகிய இருவரும் வெளியிட்ட சிறு கட்டுரையோ, செயலிகளின் வேகம் தாவியேற, டிராம் நினைவகத்தின் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடே உயர்வதைச் சுட்டிக்காட்டி, ஒருநாள் எல்லா இயந்திரங்களும் நினைவகச் சுவரில் மோதி நிற்கும் என்று எச்சரித்தது.

இந்தப் பொதுவினா மலிவுச் செயலிகளின் விஷயத்தில் தனிக் கூர்மை பெறுகிறது. விலை குறைந்த செயலியைப் பெரும்பாலும் ஒருவரும் புதிதாக வடிவமைப்பதில்லை. விலையுயர்ந்த செயலியின் கருவையே எடுத்து, அதைச் சுற்றியுள்ளவற்றுள் எதையேனும் குறைத்து விற்கிறார்கள். அவ்வாறு குறைக்கப்பட்டது பாட்டையின் அகலமா, அதன் வேகமா, கேஷ் நினைவகமா, நினைவகத் தடங்களின் எண்ணிக்கையா என்பதைப் பொறுத்தே அந்தச் செயலியின் குணம் அமைகிறது. ஆகையால் எது முக்கியம் என்ற விவாதம், எதைக் குறைத்தால் தீங்கு சிறிது என்ற விவாதமும் ஆகும். இதுவரை எழுந்துள்ள முக்கியமான கட்சிகளை, அவற்றின் ஆதாரங்களோடும் குறைகளோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பாட்டையைக் குறுக்கி விலையைக் குறைத்த மரபு

1978இல் வந்த இன்டெல் 8086 செயலி உள்ளும் புறமும் 16 பிட் அகலம் உடையது. அடுத்த ஆண்டு வந்த 8088, உள்ளே அதே 16 பிட் செயலியாக இருந்துகொண்டே, வெளிப்பாட்டையை 8 பிட் ஆகச் சுருக்கிக்கொண்டது. 1981இல் ஐபிஎம் தன் சொந்தக் கணிப்பொறிக்கு இதனையே தேர்ந்ததற்கு, 8 பிட் துணைச் சில்லுகள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது ஒரு முக்கியமான காரணம். அந்த இயந்திரத்தின் கடிகாரம் 4.77 மெகாஹெர்ட்ஸ், ஒரு பைட்டைப் பாட்டை வழியே கொண்டுவர நான்கு துடிப்புகள் தேவைப்பட்டமையால், வினாடிக்கு ஏறத்தாழ 12 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் செயலிக்குள் நுழைய வழியில்லை. பல கட்டளைகளை நிறைவேற்ற ஆகும் நேரத்தைவிட அவற்றைக் கொண்டுவர ஆகும் நேரமே மிகுதியாயிற்று. அதனால் அக்கால நிரலாளர்கள் வேகத்தைக் கணக்கிடும்போது துடிப்புகளோடு கட்டளையின் பைட்டுகளையும் சேர்த்து எண்ணினார்கள். 1988இல் வந்த 386எஸ்எக்ஸ் இதே வழியைப் பின்பற்றி, 32 பிட் கருவுக்கு 16 பிட் வெளிப்பாட்டையைக் கொடுத்தது.

1992இல் வந்த 486டிஎக்ஸ்2 வேறொரு வழியைத் திறந்தது. கரு 66 மெகாஹெர்ட்ஸில் ஓட, பாட்டை 33 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றது. இரண்டும் ஒரே கதியில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது வணிக உலகில் நிலைபெற்றது அப்போதுதான். விளம்பரத்தில் சொல்லப்படும் எண்ணுக்கும் பயனாளர் உணரும் வேகத்திற்கும் இடையே பிளவு விழுந்ததும் அப்போதுதான். இந்தப் பிளவுக்குத் தெளிவான சாட்சி பென்டியம் வரிசையிலேயே உண்டு. பென்டியம் 133 செயலியின் பாட்டை 66 மெகாஹெர்ட்ஸ்; பென்டியம் 150 செயலியின் பாட்டை 60 மெகாஹெர்ட்ஸ். கடிகாரக் கணக்கில் பின்னது 12 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தது. நடைமுறையில் இரண்டிற்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு பெரும்பாலும் தென்படவில்லை.

3. முதற் கட்சி: பாட்டையே பிரதானம்

இத்தகைய அனுபவங்களிலிருந்து எழுந்தது, பாட்டை வேகமே மலிவுச் செயலியின் தலைவிதி என்னும் கட்சி. இதற்கு மக்களிடையே பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது 1998 ஆகஸ்டில் வெளிவந்த செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் 300 மெகாஹெர்ட்ஸாக விற்கப்பட்ட அந்தச் செயலி, அதே ஆண்டு வந்த 440பிஎக்ஸ் சிப்செட் பொருந்திய மதர்போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் இடப்பட்டால், 4.5 என்ற மாறாத பெருக்கெண்ணின் விளைவாக 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று; பல மடங்கு விலையுள்ள பென்டியம் II 450 செயலியோடு தோளுரசி நின்றது. ஓவர்கிளாக் செய்யும் பழக்கம் ஒரு தலைமுறை ஆர்வலர்களிடையே பரவியதற்கு இந்தச் செயலி ஒரு பெரிய காரணம்.

ஆயினும் இந்தப் புகழ்பெற்ற உதாரணம் இக்கட்சிக்குத் தரும் ஆதாரம், தோன்றும் அளவுக்கு உறுதியானதன்று. பாட்டை 50 விழுக்காடு உயர்ந்தபோது கருவும் அதே 50 விழுக்காடு உயர்ந்தமையால், கிடைத்த பலனில் எது யாருடைய பங்கு என்று பிரித்தறிய முடியாது. பிரித்தறிய உதவும் பரிசோதனை பின்னர் வந்தது. 2001 ஜனவரியில் இன்டெல் செலரானுக்கு முதன்முறையாக 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையைக் கொடுத்தது. முந்தைய செலரான் 766, பதினொன்றரை மடங்குப் பெருக்கத்தோடு 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் தவித்தது. புதிய செலரான் 800, அதே 128 கிலோபைட் கேஷோடு எட்டு மடங்குப் பெருக்கத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் ஓடிற்று. கடிகார வேறுபாடு 4 விழுக்காட்டைச் சிறிதே கடந்திருக்க, கிடைத்த முன்னேற்றம் அதனினும் தெளிவாக மிகுந்திருந்தது. பெருக்கெண் மிக உயர்ந்து கருவும் பாட்டையும் வெகுதூரம் விலகிய இடத்தில் பாட்டை வேகம் உண்மையாகவே பலன் தருகிறது என்பதற்கு இது நேர்மையான சாட்சி.

இக்கட்சியின் பலவீனமோ, பாட்டையை அதன் மறுமுனையில் உள்ள நினைவகத்திலிருந்து பிரித்துப் பேசுவதில் இருக்கிறது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 செயலியின் பாட்டை வினாடிக்கு 3.2 கிகாபைட் சுமக்க வல்லது. அதனோடு இணைந்த இரட்டைத் தட ராம்பஸ் நினைவகமும் அதே அளவைத் தந்தது. ராம்பஸின் விலை மிகுதியென்று 2001இல் இன்டெல் வெளியிட்ட 845 சிப்செட், அதே பாட்டைக்குப் பிசி133 நினைவகத்தை இணைத்தது; அது தரக்கூடியதோ வினாடிக்கு 1.06 கிகாபைட். மூன்றில் ஒரு பங்கே நிரம்பிய பாட்டையோடு செயலி தன் இயல்பான வேகத்தை இழந்து நின்றது. டிடிஆர் நினைவகம் வந்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. நினைவகம் நிரப்ப முடியாத பாட்டையின் வேகத்தால் பிரயோசனம் சிறிதே.

4. இரண்டாம் கட்சி: கேஷ் போதுமானால் பாட்டை பொருட்டன்று

சிறிய வேக நினைவகம் ஒன்றைப் பெரிய மந்த நினைவகத்தின் முன்னே நிறுத்தலாம் என்ற யோசனையை மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். ஐபிஎம் 360 வரிசையின் 85ஆம் மாதிரி அதனை வணிக இயந்திரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு நிரல் சற்று முன் தொட்டதையே மீண்டும் தொடும், தொட்டதன் அண்டையில் உள்ளதையே அடுத்துத் தொடும் என்னும் இயல்பின் மேல் கட்டப்பட்ட இந்த யோசனை, பாட்டையின் குறையைப் பெரிதும் மறைக்க வல்லது என்பது இரண்டாம் கட்சி.

மலிவுச் செயலிகளின் வரலாற்றில் இதற்கு எதிர்மறையாகவும் நேர்மறையாகவும் ஒரே ஆண்டில் சான்று கிடைத்தது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான், பென்டியம் II கருவைக் கொண்டிருந்தும் இரண்டாம் நிலைக் கேஷ் அறவே இல்லாதிருந்தது. கணக்குப் பகுதி முழுமையாக இருந்தமையால் சில விளையாட்டுகளில் அது ஓரளவு சமாளித்தது. அலுவலக நிரல்களிலோ பழைய பென்டியம் எம்எம்எக்ஸ் இயந்திரங்களை விட்டு வெகுதூரம் முன்னேற இயலாமல் ஏமாற்றம் தந்தது. நான்கே மாதங்களில் வந்த 300ஏ, 128 கிலோபைட் கேஷைச் சில்லுக்குள்ளேயே, கருவின் முழு வேகத்தில் ஓடுமாறு பெற்றிருந்தது. பாட்டை அதே 66 மெகாஹெர்ட்ஸாக இருந்தும் குறை பெரும்பாலும் நீங்கியது. பென்டியம் II இன் 512 கிலோபைட் கேஷ் கருவின் பாதி வேகத்தில் ஓடியதை நினைத்தால், கேஷின் அளவோடு அதன் வேகமும் அருகாமையும் எண்ணப்பட வேண்டியவை என்பது விளங்கும்.

2002இன் செலரான் இதே பாடத்தை மறுபக்கமிருந்து கற்பித்தது. பென்டியம் 4 கருவும், வினாடிக்கு 3.2 கிகாபைட் பாட்டையும், 1.7 கிகாஹெர்ட்ஸ் கடிகாரமும் அமைந்திருந்தும், வெறும் 128 கிலோபைட் இரண்டாம் நிலைக் கேஷ் அதனைத் தளர்த்தியது. கடிகாரத்தில் தாழ்ந்த ஏஎம்டி டியூரான் செயலிகள் பல பரிசோதனைகளில் அதற்கு ஈடுகொடுத்தன. டியூரானின் இரண்டாம் நிலைக் கேஷ் 64 கிலோபைட்டே ஆயினும், முதல் நிலையில் 128 கிலோபைட் இருந்தது; இரு நிலைகளும் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் வைக்காத அமைப்பாதலால், மொத்தம் 192 கிலோபைட்டும் பயன்பட்டது. அண்மையில், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, கடிகாரம் சற்றுக் குறைந்திருந்தும் 96 மெகாபைட் கேஷின் பலத்தால் பல விளையாட்டுகளில் தன் உடன்பிறப்பை முந்தியது. அது மலிவுச் செயலியன்று எனினும் தத்துவம் ஒன்றே.

இக்கட்சிக்கும் எல்லை உண்டு. ஒருமுறை தொட்டதைத் திரும்பத் தொடாத வேலைகளுக்கு, எடுத்துக்காட்டாக நீண்ட காணொளியைச் சுருக்குவதற்கோ பெரிய அட்டவணையை ஒருமுறை கடந்து செல்வதற்கோ, கேஷ் அதிகம் உதவாது. மேலும் கேஷ் சில்லின் பரப்பை விழுங்குவது, பரப்பே விலை. அதனால் மலிவுச் செயலியில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. கேஷ் போதும் என்று சொல்பவர்கள், மலிவுச் செயலிக்கு அது போதுமான அளவு கிடைப்பது அரிது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

5. மூன்றாம் கட்சி: அளவன்று, தாமதமே

மூன்றாம் கட்சி, வினாடிக்கு எத்தனை பைட்டு என்பதை விடுத்து, கேட்ட முதல் பைட்டு எத்தனை நேரத்தில் வருகிறது என்று வினவுகிறது. வாய்க்காலை அகலமாக வெட்டுவதால் ஏரியிலிருந்து கடைமடைக்கு முதல் நீர் வந்துசேரும் நேரம் அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. நினைவகத்தின் வரலாறு இதற்கு இடம் கொடுக்கிறது. வரிசை திறந்த பின் தரவு வெளிவர ஆகும் காலத்தைக் காஸ் எண்ணிலிருந்து கணக்கிட்டால், காஸ் 2 உள்ள பிசி133 நினைவகத்தில் அது 15 நானோவினாடி. காஸ் 2 உள்ள டிடிஆர்400இல் 10. காஸ் 9 உள்ள டிடிஆர்3-1600இல் 11.25; காஸ் 22 உள்ள டிடிஆர்4-3200இல் 13.75, காஸ் 40 உள்ள டிடிஆர்5-4800இல் 16.7. இதே வரிசையில் ஒரு தடத்தின் கடத்துதிறனோ வினாடிக்கு 1.06 கிகாபைட்டிலிருந்து 38.4 கிகாபைட்டாக, முப்பத்தாறு மடங்கு பெருகிவிட்டது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண் பெருகியது. காத்திருப்பு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இக்கட்சியின் சிறந்த சான்று ஏஎம்டி 2003 செப்டம்பரில் வெளியிட்ட ஏத்லான் 64. நினைவகத்தை ஆளும் சுற்றைச் சிப்செட்டிலிருந்து செயலிக்குள்ளேயே கொண்டுவந்ததன் மூலம் அது தாமதத்தைக் குறைத்தது. ஒற்றைத் தடமுள்ள 754 சாக்கெட்டுக்கும் 2004இல் வந்த இரட்டைத் தடமுள்ள 939 சாக்கெட்டுக்கும் இடையே கடத்துதிறன் இருமடங்காயினும், பொதுவான வேலைகளில் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. ஆதலால் 754 சாக்கெட்டில் வந்த செம்ப்ரான் செயலிகள் விலைக்கேற்ற நல்ல பயனைத் தந்தன. இன்டெல் இதே மாற்றத்தை 2008 நவம்பரில் நெஹாலம் செயலியில் செய்தது. அத்துடன், செயலியைச் சிப்செட்டோடு இணைத்த பழைய முன்பாட்டை என்னும் பொருளே மெல்ல மறைந்தது.

ஆயினும் பாட்டை மறைந்துவிட்டது என்பதைவிட, உள்ளே இடம்பெயர்ந்தது என்பதே பொருத்தம். 2017இல் வந்த ரைசன் செயலிகளில் கருத்தொகுதிகளை இணைக்கும் உட்பாட்டையின் கடிகாரம் நினைவகத்தின் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. நினைவகத்தை விரைவுபடுத்தினால் உட்பாட்டையும் விரைந்தது. தாமதக் கட்சியின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது: கருக்களின் எண்ணிக்கை பெருகி, எல்லாம் ஒரே வேளையில் தரவு கேட்கும்போது, கடத்துதிறன் போதாமையே வரிசையை உண்டாக்கி, அந்த வரிசையே தாமதமாக மாறுகிறது. இரண்டையும் முற்றாகப் பிரிப்பது இயலாது.

6. நான்காம் கட்சி: வேலையே நிர்ணயிக்கிறது

இம்மூன்றையும் சமரசப்படுத்தும் கட்சி, விடை செயலியில் இல்லை, வேலையில் இருக்கிறது என்கிறது. சாமுவேல் வில்லியம்ஸ், ஆண்ட்ரூ வாட்டர்மன், டேவிட் பேட்டர்சன் மூவரும் 2009இல் வெளியிட்ட கூரைக்கோட்டு மாதிரி இதன் தெளிவான வடிவம்: நினைவகத்திலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டின் மேலும் எத்தனை கணக்கு நடக்கிறது என்பதே, ஒரு நிரலின் உச்ச வேகத்தைச் செயலி தடுக்கிறதா நினைவகம் தடுக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் நெருங்கிப் பார்க்கலாம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று, தரவு தடையின்றிக் கிடைத்தால் 1000 கட்டளைகளை 500 துடிப்புகளில், அதாவது 167 நானோவினாடியில் முடிக்கும் என்று கொள்வோம். அந்த ஆயிரத்தில் ஐந்து முறை கேஷில் இல்லாமல் நினைவகத்திற்குப் போக நேர்ந்து, ஒவ்வொரு முறையும் 100 நானோவினாடி காத்திருந்தால், மொத்தம் 667 நானோவினாடி ஆகிறது. இப்போது கடிகாரத்தை இருமடங்காக்கினாலும் மொத்தம் 583 ஆகவே குறையும். வேகம் 14 விழுக்காடே கூடும். நினைவகத் தாமதத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலோ 18 விழுக்காடு கூடும். மாறாக, கேஷ் தாராளமாக அமைந்து இரண்டாயிரம் கட்டளைக்கு ஒரு முறையே நினைவகத்திற்குப் போக வேண்டியிருந்தால், கடிகாரத்தை இருமடங்காக்குவதால் 63 விழுக்காடும், தாமதத்தைக் குறைப்பதால் 5 விழுக்காடும் கிடைக்கும். ஒரே செயலி, ஒரே நினைவகம். வேலை மாறினால் தீர்ப்பு தலைகீழாகிறது. காத்திருக்கும் வேளையில் செயலி வேறு கட்டளைகளைக் கவனிக்கும் சாமர்த்தியத்தை இக்கணக்கு விட்டுவிடுகிறது. அதனைச் சேர்த்தால் எண்கள் மிதமாகும், போக்கு மாறாது.

இக்கட்சி தர்க்கத்தில் உறுதியானது. பயனாளருக்கு வழிகாட்டுவதில் மெலிந்தது. தம்முடைய வேலை எந்தப் பக்கம் விழும் என்பதைப் பெரும்பாலோர் அறியார். அறிவிக்க வேண்டிய பரிசோதனைகளோ, செயலியின் வேறுபாட்டை வெளிப்படுத்தும் பொருட்டு, மலிவுச் செயலியோடு மிக விலையுயர்ந்த வரைகலை அட்டையைச் சேர்த்தே பெரும்பாலும் நடத்தப்படுகின்றன. அவ்விதச் சேர்க்கையை வீட்டில் வைத்திருப்பவர் அரியர்.

7. வரைகலை உள்ளே வந்தபின்

2011இல் ஏஎம்டியின் லானோ, இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் ஆகியவை வரைகலைப் பகுதியைச் செயலியின் சில்லுக்குள்ளேயே அமைத்தன. மலிவுக் கணிப்பொறியில் இது வாதத்தின் நிலையையே மாற்றிவிட்டது. பொதுக் கணிப்பு பெரும்பாலும் தாமதத்திற்கு அஞ்சுவது. வரைகலையோ கடத்துதிறனுக்குப் பசிப்பது. இரண்டும் இப்போது ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. 2018இல் வந்த ரைசன் 3 2200ஜி போன்ற செயலியில் ஒரே ஒரு டிடிஆர்4-2400 நினைவகப் பலகையைச் செருகினால் வினாடிக்கு 19.2 கிகாபைட், அதே மொத்த அளவை இரண்டு பலகைகளாகப் பிரித்து இரட்டைத் தடத்தில் செருகினால் 38.4 கிகாபைட். விளையாட்டுகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரியும். தனி அட்டையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு: ஜிடி 1030 அட்டை, ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வினாடிக்கு 48 கிகாபைட் பெற்றிருந்தது, டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் வந்த மலிவு வடிவம் 16.8 கிகாபைட்டே பெற்று, பல விளையாட்டுகளில் பாதியளவுக்குச் சரிந்தது.

8. மதிப்பீடு

நான்கு கட்சிகளும் முரண்படுவதாகத் தோன்றினும், அவை பேசுவது வெவ்வேறு காலத்து இயந்திரங்களையும் வெவ்வேறு வேலைகளையும் பற்றியே என்பது இவ்வாராய்ச்சியால் புலப்படும். கேஷ் சிறுத்தும் பெருக்கெண் உயர்ந்தும் இருந்த காலத்தில் பாட்டைக் கட்சி உண்மையைச் சொல்லிற்று. நினைவக ஆளுகை செயலிக்குள் புகுந்தபின் தாமதக் கட்சி வலுப்பெற்றது. வரைகலை உள்ளே வந்தபின் கடத்துதிறன் மீண்டும் தலையெடுத்தது.

தீராத வினாக்களும் சில உள்ளன. 2023இல் பரவிய இன்டெல் என்100 போன்ற செயலிகள் நான்கு கருக்களுக்கும் வரைகலைக்கும் சேர்த்து ஒற்றைத் தடமே வைத்திருக்கின்றன. இச்சிக்கனம் எந்த எல்லை வரை தாங்கும் என்பது, இனி வரும் நிரல்களின் பசியைப் பொறுத்தது. மொழி மாதிரிகளை வீட்டுக் கணிப்பொறியிலேயே ஓட்டும் புதிய பழக்கம் அந்தப் பசியின் அளவைக் காட்டுகிறது. 4 கிகாபைட் எடையுள்ள மாதிரி, ஒவ்வொரு சொற்கூறை வெளியிடவும் அந்த எடை முழுவதையும் ஒருமுறை வாசிக்க வேண்டியிருப்பதால், வினாடிக்கு 25.6 கிகாபைட் தரும் ஒற்றைத் தடத்தில் வினாடிக்கு ஆறு சொற்கூறுகளைச் சிறிதே தாண்ட முடியும். செயலி எவ்வளவு விரைந்தாலும் இந்த வரம்பு அசையாது. நினைவகம் செயலியோடு சேர்த்துப் பற்றவைக்கப்படும் மடிக்கணினிகளிலோ, வாங்கும் நாளில் செய்த தேர்வைப் பின்னர்த் திருத்தும் உரிமையும் போய்விடுகிறது.

இவற்றைத் தவிர்த்துச் சொல்லக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. மலிவுச் செயலி வாங்குவோர் முதலில் நினைவகத்தின் அளவு போதுமா என்று பார்க்க வேண்டும். அது போதாமல் வட்டுக்குப் போக நேர்ந்தால் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் வீண். அடுத்து இரண்டு தடங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன்பின் செயலியின் கேஷ் அளவை ஒப்பிட வேண்டும். பலகையின் மேல் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸ் எண்ணுக்கு இவையெல்லாவற்றிற்கும் பின்னரே இடம். மிக வேகமான நினைவகத்திற்குக் கொடுக்கும் உபரிப் பணம் அடுத்த படியிலுள்ள செயலிக்குப் போதுமானால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தச் செயலியை வாங்குவதே மேல்.